இந்த நெட்டு ஆட்டத்துக்குப் போதும்

என் வயதுக்காரிகளே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். உங்களுக்கெல்லாம் சின்ன வயது ஏழிலும் எட்டிலும் வந்து போயிருக்கும். எனக்கு அறுபத்திரண்டில் வந்தது. லேட்டாக வந்தாலும் வாட்டசாட்டமாக வந்தது. ஒரு கோடை முழுக்க இருந்தது. ஓட்டம் இருந்தது, குதிப்பு இருந்தது, கூட ஆட ஆள் இருந்தது, திட்டு வாங்கினேன், பெரியவர்கள் பேச்சைக் கேட்காமல் அடம் பிடித்தேன். சின்ன வயது என்றால் வேறென்ன?

சிரிக்கிறீர்களா, சிரியுங்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள். நான் வூடு என்றால் அவள் வீடு என்று போடுகிறாள். போகட்டும், வெளியே கிளம்பும்போது புடவை மாற்றிக்கொள்கிற மாதிரி என்று விட்டுவிட்டேன். ஆனால் பேசுகிறவர்கள் பேச்சை மட்டும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையில் அவளுடைய அம்மாவும் வருகிறார். அந்த இடத்தில் எதையாவது விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவேன். எல்லாவற்றையும் திரும்பப் படித்துக் காட்டினால்தான் சோறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயம் என்னவென்றால், வீட்டு நெட் மெதுவாக இருந்தால் ஃபோனில் நாலு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் ஆட முடியுமா, முடியாதா? இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காக எங்கள் வீட்டுப் பிள்ளை மூட்டையைக் கட்டிவிட்டது. முடியாது என்றார்கள் எல்லோரும். முடியும் என்றேன் நான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

முதல் சின்ன வயதை ஒரே வாயில் சொல்லி முடித்துவிடுகிறேன். அதில் ஒன்றுமில்லை. ஒன்பது வயதில் காசிமேட்டில் இறால் உரிக்கிற கொட்டகையில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். காலுக்குக் கீழே ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தலையைக் கிள்ளு, கட்டை விரலால் ஓட்டைப் பிள, நரம்பை இழு, கூடையில் போடு. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய்ப் பழைய சோறு மாதிரி இருக்கும். சாயங்காலம் மற்ற பிள்ளைகள் மணலில் ஓடிப்பிடித்து ஆடுகிற சத்தம் கொட்டகைக்குள் வரும். சத்தம் மட்டும் வரும். நான் தலையைத் திருப்பினால் மேஸ்திரியம்மா, "அங்க இன்னாடி பார்வை? எறா இங்க கீது" என்பாள். அப்புறம் கல்யாணம், பிள்ளை, திரும்பவும் கொட்டகை. கொட்டகை எனக்குக் கொடுத்தது இரண்டே இரண்டு கட்டை விரல். கண் பார்க்காமலே வேலை செய்யும்.

சரி, அந்தக் கோடைக்கு வருகிறேன். மூன்று வருடம் ஆகியிருக்கும். காலடிப்பேட்டையில் எங்கள் சந்தில் எதிரும் புதிருமாகப் பத்து வீடு. மகன் கன்டெய்னர் யார்டில் வேலை, மருமகள் தையல் கம்பெனியில். காலையில் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் பேத்தியும்தான். அவளுக்கு அப்போது பதின்மூன்று. பெரிய லீவு. வெளியே தலை காட்ட முடியாத வெயில். துறைமுகத்துப் பக்கமிருந்து கரித்தூள் பறந்து வந்து எதன் மேல் வேண்டுமானாலும் உட்காரும். காலையில் துடைத்த ஜன்னலில் மதியம் விரலால் கோலம் போடலாம். அதனால்தான் நெட் வருகிற வெள்ளைப் பெட்டியை மாதா படத்துக்குப் பக்கத்தில் உயரமாக வைத்து, தலையில் ஒரு பூப்போட்ட துணி போட்டு வைத்திருந்தேன். இரண்டு கொம்போடு அது முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும்.

இருப்பதில் சின்ன லைன்தான் போட்டிருந்தான் மகன். அது போதும் என்று அப்போது அவனும்தான் சொன்னான்.

பேத்தி ஆடுகிற ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஒரு கட்சி. இந்த மாதிரி நிறையக் கட்சி. எல்லோரும் விமானத்திலிருந்து ஒரு தீவில் குடை விரித்துக் குதிக்க வேண்டும். அங்கே காலி வீடுகள் கிடக்கும், உள்ளே துப்பாக்கி கிடக்கும், மருந்துப் பெட்டி கிடக்கும். எடுத்துக்கொண்டு ஒளிந்தும் ஓடியும் மற்றக் கட்சிகளைத் தீர்க்க வேண்டும். கடைசியில் உயிரோடு நிற்கிற கட்சி ஜெயித்தது. நம் கட்சி ஆள் அடிபட்டு விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கிவிடலாம், எழுந்துகொள்வார். ஒருவரோடு ஒருவர் ஃபோனிலேயே பேசிக்கொள்ளலாம். பேத்தியின் கட்சிக்கு கேப்டன் எம்.கே.பி. நகரில் இருக்கிற அவளுடைய டியூஷன் சிநேகிதி. அந்தப் பெண்ணின் தங்கை மூன்றாவது ஆள். நாலாவது ஆள் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டது.

"ஆயா, நைனாவோட பழைய ஃபோன எடு. சும்மா வந்து நில்லு. நீ நின்னாலே நாலு பேர் ஆயிடும்" என்றாள் பேத்தி.

"நிக்கறதுக்கு நான் இன்னா கரன்ட் கம்பமா? எப்டி ஓடறதுன்னு சொல்லு."

இடது கட்டை விரலை வட்டத்தின் மேல் வைத்துத் தள்ளினால் ஓட்டம். வலது கட்டை விரலால் தள்ளினால் பார்வை திரும்பும். அவ்வளவுதான். எனக்கு ஒரு பொம்மைப் பெண் கொடுத்தாள், மஞ்சள் கவுன் போட்டது. விமானம் போகிறது, கீழே கடல், பச்சைப் பசேல் என்று தீவு. "இப்போ குதி!" என்றாள். குதித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அடிவயிறு ஜிவ்வென்று ஏறியது. இறங்கியதும் ஒரு புல்வெளி. விரலைத் தள்ளினேன். ஓடினேன். கால் புல்லில் படுகிற சத்தம் சரக் சரக்கென்று கேட்டது. ஒளிகிற எண்ணமே இல்லை. எங்கே போகிறேன் என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தேன்.

ஃபோனுக்குள்ளிருந்து கேப்டன் கத்தியது. "யாருடி அது, மைதானத்துல தன்னால ஓடிகினு கீது?"

"எங்க ஆயா."

"ஆயாவா! இன்னா பேஜாருடி இது!"

அதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். செத்துவிட்டேன். எனக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "இன்னொரு தபா செத்துப் பாக்கலாமா?" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஆட்டம்தான். கஞ்சி குடித்துவிட்டு ஒன்று, துணி துவைத்துவிட்டு ஒன்று. இட்லிக்காரி வாசலில் நின்று கூப்பிட்டால், "இரு, இங்க ஒருத்தன் துப்பாக்கியோட மாடில கீறான்" என்பேன். அவள் பயந்துபோய் எங்கள் மாடியைப் பார்ப்பாள்.

ஆனால் நெட் இழுக்கும். இழுப்பது என்றால் எப்படித் தெரியுமா? நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தியிருப்பேன், சட்டென்று பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்பேன், கதவும் திறந்தபடி இருக்கும். நான் செத்த சேதி எனக்கே கடைசியில்தான் வரும். எவ்வளவு இழுக்கிறது என்று திரையில் ஒரு மூலையில் ஒரு நம்பர் ஓடும். எனக்கு எழுத்துதான் தெரியாது, பஸ் ஏறிப் பழகியதால் நம்பர் தெரியும். நம்பர் சின்னதாக இருந்தால் பச்சை, பெரிதானால் மஞ்சள், இன்னும் பெரிதானால் சிவப்பு. எங்கள் வீட்டில் பெரும்பாலும் சிவப்பு.

எனக்கு அதில் கவலையில்லை. நான் வழி கண்டுபிடித்துவிட்டேன். இந்த இறாலை உரிக்கும்போதே அடுத்த இறாலை எடுத்திருக்க வேண்டும், அதுதான் கொட்டகைப் பழக்கம். அதே மாதிரி ஆள் வந்த பிறகு ஒளியக் கூடாது, வருமுன்னாலேயே ஒளிந்துவிட வேண்டும். துரத்தக் கூடாது, சுடக் கூடாது. மருந்துப் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு புல்லுக்குள் படுத்திருந்து, விழுந்தவர்களைத் தூக்கிவிட வேண்டும். இழுக்கிற நெட்டில் ஒரு மூச்சு முந்தி இருந்தால் பிழைக்கலாம். கேப்டனே சொன்னது: "ஆயா சுடாது, ஆனா சாவாது."

பேத்தி சுடுகிறவள். சுடுகிறவளுக்கு இழுத்தால் போச்சு. அவள் குறி பார்த்துச் சுட்ட இடத்தில் ஆள் இருக்க மாட்டான். அவன் எப்போதோ நகர்ந்து இவளுக்குப் பின்னால் வந்திருப்பான். அழுதுவிடுவாள். ஃபோனைப் பாயில் வீசுவாள். ஒருநாள் கேப்டன் முடிவாகச் சொல்லிவிட்டது.

"சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க பக்கத்துத் தெரு டீமும் ஆட்டத்துல வர்து. நம்ம மானம் கீது அதுல. அன்னிக்கும் உனுக்கு இழுத்துதுன்னா வேற ஆள் போட்டுக்குவேன். நட்பு வேற, ஆட்டம் வேற."

பெண் பிள்ளைக்கு எவ்வளவு கறார் பாருங்கள். எனக்கு அந்தப் பெண்ணை அன்றைக்குப் பிடிக்கவில்லை. இப்போது ரொம்பப் பிடிக்கும்.

அந்த வாரம் பார்த்து மாத்தூர் சம்பந்தியம்மா பலாச்சுளை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மாத்தூரில் அவருக்கு இரண்டு மாடி வீடு. நல்ல மனுஷிதான். ஆனால் உட்காருவதற்கு முன் நாற்காலியை முந்தானையால் துடைப்பார். கரித்தூள் இருக்கத்தான் செய்கிறது, அதற்காக நம் எதிரிலேயே துடைக்க வேண்டுமா? (மருமகள் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுதும்மா, உங்கள் அம்மா துடைத்தது நிஜந்தானே.)

"எங்க வீட்ல பெரிய லைன் போட்டாச்சு, சம்பந்தியம்மா. தொட்டா வந்து நிக்குது. இங்க என்னடான்னா சுத்திக்கிட்டே இருக்கு. பாப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். லீவு முடிஞ்சா அங்கேயே ஸ்கூல்ல சேத்துடலாம். ஆன்லைன் கிளாஸ் அது இதுன்னு படிப்பு எல்லாமே இப்ப நெட்லதானே?"

பேத்தி முகம் லைட் போட்ட மாதிரி ஆனது. அவளுக்குப் படிப்பா கண்ணில் தெரிந்தது? பச்சை நம்பர்தான் தெரிந்தது. மகன் ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே, "போவட்டும்மா. அங்க எடமும் பெருசு" என்றான். மருமகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், ரசத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஆட்டோவோடு வருவதாகச் சொல்லிவிட்டு சம்பந்தியம்மா மறுநாள் காலை கிளம்பிப் போனார்.

பேத்தி பையில் துணி அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

"நெஜமாவே பூடுவியாடி?"

"லீவுக்கு லீவு வருவேன் ஆயா."

"ஆட்டத்துல நான் வுழுந்தா யாரு தூக்கிவுடுவா?"

"கேப்டன் தூக்கிவுடும்."

"அது தூக்காது. வுட்டுட்டு முன்னால ஓடும்."

சிரித்தாள். ஆனால் மடித்த பாவாடையைப் பையில்தான் வைத்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சனிக்கிழமை இழுக்காம இருந்தா நான் போவல ஆயா. டீம்ல இருந்தா இங்கயே இருந்துடுவேன். ஆனா கண்டிப்பா இழுக்கும்."

எனக்கு அது போதும். மறுநாள் காலையிலேயே கேபிள்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். தலை நரைத்த மனிதர், இந்தச் சந்தில் வயர் எந்தக் கம்பத்தில் எத்தனை முடிச்சு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மகனும் அன்று வீட்டில் இருந்தான். "உங்க லைனு மட்டமான லைனு" என்று அவரைப் பிடித்துக் காய்ச்சினான். அவர் பெட்டியின் முக்காட்டை எடுத்துப் பார்த்தார், தன் ஃபோனில் எதையோ தட்டினார், கண்ணைச் சுருக்கினார்.

"சார், உங்க வூட்ல எத்தினி ஃபோனு?"

"நாலு."

"பெட்டில பதினாலு ஓடிகினு கீதே?"

மகன் என்னைப் பார்த்தான். பிள்ளையைப் பெற்று வளர்த்தவளுக்கு அந்தப் பார்வை தெரியும். அவன் குற்றம் செய்தபோது நான் பார்த்த அதே பார்வை.

"ம்மா, பாஸ்வேர்ட யாருக்காவது குடுத்தியா?"

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன்."

"கேட்டவங்களுக்கா!"

ஆமாம். அந்த எழுத்தை மருமகள் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால் சுருக்குப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். யார் கேட்டாலும் அட்டையை எடுத்து நீட்டுவேன். எதிர்வீட்டு இட்லிக்காரி சீரியல் பார்க்கக் கேட்டாள். மாடிவீட்டு ஆட்டோக்காரர் சவாரி பார்க்கக் கேட்டார். பால்கடைக்காரம்மா துபாயில் இருக்கிற மகன் முகத்தைப் பார்க்கக் கேட்டாள். அப்படியே சந்து முழுக்க. காற்றில் வருவதுதானே, கொடுத்தால் என்ன குறையும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்று இப்போது தெரியும். கொடுத்தது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை.

"இப்பவே பாஸ்வேர்ட மாத்துங்க" என்றான் மகன்.

நான் எழுந்துபோய்ப் பெட்டிக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "மாத்து பாக்கலாம். நாலு நாள் தண்ணி லாரி வராதப்போ அந்த ஆட்டோக்காரரு எண்ணூருக்குப் போயி தண்ணி புடிச்சாந்து வூட்டுக்கு வூடு எறக்குனாரே, உன்கிட்ட காசு கேட்டாரா? குடுத்தத புடுங்கிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு இந்தச் சந்துல நடப்பேன்?"

"கொழந்த மாதிரி அடம் புடிக்காதம்மா!"

"புடிப்பேன். இன்னிக்கு நாஷ்டாவும் துன்ன மாட்டேன்."

கேபிள்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாத்தவே வேணாம் சார். லைன் சின்னதுதான், ஆனா ஆட்டத்துக்குச் சின்னதே போதும். படம் பாக்கறதுக்குத்தான் குடம் குடமா ஊத்தணும். ஆட்டம் சொட்டு சொட்டாத்தான் குடிக்கும். அந்தச் சொட்டு நிக்காம வரணும், ஒடனே வரணும், அவ்ளோதான். இப்போ இன்னா ஆவுதுன்னா, பத்து பேரு பெரிய குடம் வெச்சிகினு முன்னால நிக்கறாங்க, பாப்பாவோட சொம்பு பின்னால நிக்குது."

இதை இத்தனை நாள் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால்! ஃபோன், சிக்னல், ஸ்பீடு என்று ஏதேதோ சொன்னார்கள். தண்ணீர் வரிசை எனக்குத் தெரியாதா? முப்பது வருடம் இந்தச் சந்தின் அடிபம்பில் சண்டை போட்டவள் நான்.

எங்கள் சந்தில் ஒரு பழக்கம். லாரி வருகிற நாளில் எல்லோரும் வெயிலில் நிற்க முடியுமா? குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. யாரும் அதைத் தாண்ட மாட்டார்கள், தள்ள மாட்டார்கள். வைத்தவளும் வாக்கு மாறிப் பக்கத்துத் தெரு வரிசையில் போய் நிற்க மாட்டாள். எந்தக் குடம் யாருடையது என்று நிறத்தை வைத்தே சொல்லிவிடுவோம்.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். "சனிக்கிழமை நாலு மணிலேர்ந்து ஒரு ஆட்டம் முடியற வரிக்கும் என் நெட்டத் தொடாதீங்க. அமத்திட்டேன்னு சத்தியத்துக்கு உங்க குடத்த என் வாசல்ல வெய்ங்க" என்றேன். ஆட்டோக்காரர் எந்த ஆட்டம், எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மாமு, நம்ம சந்து ஜெயிக்கணும்" என்று யாரிடமோ சொன்னார். பால்கடைக்காரம்மா உடனே சரி என்றாள். இட்லிக்காரிதான் முறுக்கிக்கொண்டாள்.

"நாலு மணிக்குத்தான் எனுக்கு சீரியல். விடியறதுக்கு முன்னால எய்ந்து மாவோட மாரடிக்கிறேன். ஒரு நாளுல அந்த அரை மணி நேரந்தான் எனுது. அதையும் கேக்கறியா?"

"ஒரு நாளுடி. சீரியல் எங்க ஓடிடப் போவுது?"

"உன் பேத்தி மட்டும் எங்க ஓடிடப் போவுது?"

"மாத்தூருக்கு."

அவள் சட்டினிக் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நானும் வந்துவிட்டேன். அவள் சொன்னதும் நியாயம்தானே, அவளும் என்னை மாதிரி ஒரு பலகையில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே வாசலில் ஒரு குடம். நீலக்குடம், விளிம்பு உடைந்தது. இட்லிக்காரியுடையது. அதன் பின்னால் சிவப்பு, பச்சை, ஆட்டோக்காரரின் கறுப்புக் கேன் என்று ஒன்பது வந்துவிட்டது. மூன்றரைக்குப் பார்த்தால் பதினைந்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டிப் பார்த்தால் பின்தெருப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு ஓடி வருகிறார்கள்.

"லாரி எப்ப வர்தாம்?"

"லாரி இல்ல, ஆட்டம்" என்றாள் இட்லிக்காரி.

"ஆட்டத்துக்கு இன்னாத்துக்கு குடம்?"

"வாய மூடிகினு குந்து. ஃபோன் வெச்சிகினு கீறியா? அமத்து."

எந்த ஃபோனும் எங்கள் பெட்டியில் இல்லாத பின்தெருப் பெண்கள்கூட அமர்த்திவிட்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மாவின் ஆட்டோ சந்துக்குள் நுழைய முடியவில்லை. முனையில் இறங்கி, குடங்களுக்கு நடுவில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தார். "என்ன சம்பந்தியம்மா, தண்ணிக்கு இவ்வளவு கஷ்டமா இங்க?" என்றார். யாருக்கும் விளக்கம் சொல்ல நேரமில்லை. நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார். பேத்தியின் பை கதவோரத்தில் தயாராக இருந்தது. மகன் வேலையிலிருந்து பாதியில் வந்து, எதற்கோ வந்த மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவனும் ஃபோனை அமர்த்தித்தான் வைத்திருந்தான், நான் பார்த்தேன்.

நாலு மணி. விமானம் கிளம்பியது. நான் முதலில் மூலையைத்தான் பார்த்தேன். பச்சை. சின்ன நம்பர். நாங்கள் குதித்தோம்.

"இன்னாடி, லைனு மாத்திட்டியா?" என்றது கேப்டன்.

"அதே லைன்தான்" என்றாள் பேத்தி.

அன்றைக்கு அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! குறி வைத்த இடத்தில் ஆள் இருந்தான். சுட்டால் விழுந்தான். ஒவ்வொருவன் விழும்போதும் வாசலில் "ஓ!" என்று சத்தம் எழும்பும். மகன் அவர்களை, "கத்தாதீங்க, பாப்பா கவனம் போவும்" என்று அடக்குவான், அடுத்த ஆள் விழும்போது அவன்தான் முதலில் கத்துவான். பாலத்துக்குப் பக்கத்தில் பேத்தி அடிபட்டு விழுந்தாள். நான் புல்லிலிருந்து தவழ்ந்து போய்த் தூக்கிவிட்டேன். கேப்டனின் தங்கை செத்துவிட்டது. கடைசியில் இரண்டே கட்சி. நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கத்துத் தெருக் கட்சியில் இரண்டு பேர்.

"ஆயா, புல்லுல படுத்துக்க. அசையாத. அவனுங்களே வருவானுங்க" என்றது கேப்டன்.

படுத்தேன். என் எதிரே ஒரு மேடு, அதைத் தாண்டி இறக்கம், இறக்கம் முழுக்க வெயில் அடித்த புல். அந்தக் கோடை முழுக்க ஓடியிருக்கிறேன், ஆனால் எப்போதும் நாலு அடிக்கு ஒருமுறை நெட் என்னைப் பின்னால் இழுத்துப் போட்டுவிடும். இன்றைக்கு மூலையில் பச்சை. இன்றைக்கு யாரும் இழுக்க மாட்டார்கள். கட்டை விரல் தானாகப் போய் வட்டத்தின் மேல் உட்கார்ந்தது.

எழுந்து ஓடினேன். மேட்டில் ஏறி, இறக்கத்தில் இறங்கி, நேராக ஓடினேன். ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. கவுன் காற்றில் பறந்தது. "ஆயா! எங்க போற? படு, படு!" என்று கேப்டன் கத்துவது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்டும் ஓடினேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு சுட்டுவிட்டார்கள். என்னைத் தூக்க வந்த பேத்தியையும் சுட்டார்கள். கேப்டன் தனியாக நின்று போராடி அதுவும் போனது.

அந்தப் பழைய ஃபோன் அடுத்த வருடம் தண்ணீர் டிரம்மில் விழுந்து போய்விட்டது, மஞ்சள் கவுன்காரியும் அதோடு போனாள். ஆனால் அந்த ஓட்டத்துக்காக நான் இதுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

"ரெண்டாவது!" என்று அலறியது கேப்டன். "ஜெயிக்க வேண்டிய ஆட்டம்! ஆயாக்கு இன்னா பைத்தியமா?"

பேத்தி ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், மெதுவாகக் கேட்டாள். "எனுக்கு இழுத்துச்சா?"

"எங்க இழுத்துச்சு? ஒரு தபாகூட இழுக்கல. எட்டு பேர அடிச்சிட்ட நீ."

"அப்ப நான் டீம்ல கீறேனா?"

"லூசு மாதிரி கேக்காத. அவனுங்க மறுபடியும் ஆடலான்றானுங்க. இப்பவே ரெடி பண்ணு. ஆயாவையும் இட்டுகினு வா, ஆனா கண்ட்ரோல் பண்ணு."

சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து பையைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி சரி, ஆட்டம் முடிஞ்சுது இல்ல? பாப்பா, கிளம்பும்மா. ஆட்டோ முனையில நிக்குது."

பேத்தி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு ஆட்டம் கீது!" என்று கத்தினாள். இட்லிக்காரி தன் நீலக்குடத்தின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, "எவளும் எடுக்காதீங்கடி, வெச்சது வெச்ச மாதிரி இருக்கட்டும்" என்றாள்.

"பாப்பா, உன்னைத்தான்" என்றார் சம்பந்தியம்மா.

"ஆட்டோவ அனுப்பிடுங்க அம்மம்மா. நான் வரல."

சம்பந்தியம்மா பையோடு என்னைப் பார்த்தார். பதிலுக்கு நானும் ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருந்தேன், சொல்ல ஒரு வார்த்தையும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் விமானம் கிளம்பிவிட்டது. பேத்தி தோளால் என் தோளை இடித்தாள்.

"ஆயா, கடல் தாண்டிடுச்சு. குதி!"

குதித்துவிட்டேன்.